எடுக்காத பொட்டலம்

ஜூன் 24, செவ்வாய்
வெறும் வயிற்றில் 164

ஜெபராணி சிஸ்டர் இந்த நோட்டைக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் காலையில் மிஷினில் சர்க்கரை பார்த்து எழுத வேண்டும். முந்தின நாள் என்ன சாப்பிட்டேன் என்றும் எழுத வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை சுகாதார நிலையத்தில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். முதல் பக்கத்தில் அம்மன் துணை என்று எழுதிவிட்டேன். சிஸ்டர் வேதக்காரர்கள். கோபிக்க மாட்டார்கள்.

நேற்றுக் காலை மூன்று இட்லி. மத்தியானம் சோறு, கத்திரிக்காய்க் குழம்பு. ராத்திரி இரண்டு தோசை. கடலைமிட்டாய் சாப்பிடவில்லை.

சாப்பிட்டேன். ஒன்றே ஒன்று, அதுவும் உடைந்தது. என் தம்பி மகள் சந்தனமாரி கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட் போடுகிறாள். உடைந்ததை வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். சர்க்கரைக்காரி வீட்டுப் பிள்ளைக்கு வேறு வேலையா கிடைக்கவில்லை என்று ஊரே சிரிக்கிறது. இந்த மிஷினை வாங்கி வந்ததும் அவள்தான்.

ஜூன் 25, புதன்
159

இட்லி மூன்று. சோறு ஒரு தட்டு. சின்னத் தட்டா பெரிய தட்டா என்று சிஸ்டர் கேட்பார்கள். பெரிய தட்டு.

ஜூன் 27, வெள்ளி
171

சிஸ்டர் ஊருக்குப் புதிது. நாங்கள் யார் எவர் என்று தெரியாது. அதனால் சொல்கிறேன்.

என் பெயர் குருவம்மாள். வயது ஐம்பத்து நாலு. எட்டாம் வகுப்பு வரை படித்தேன். வீட்டுக்காரர் போய் இருபது வருடம் ஆகிறது, பிள்ளை இல்லை. மாரியின் அம்மா இறந்ததும் என் தம்பி திருப்பூருக்குப் போய் வேறு குடும்பம் ஆகிவிட்டான். நாலு வயதில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் மாரி. இப்போது இருபத்து நாலு.

எனக்குப் பூக்கட்டுகிற தொழில். விடியற்காலை மார்க்கெட்டில் பூ எடுத்துவந்து, வடக்குவாச்செல்வி அம்மனுக்கு மாலை கட்டிக் கொடுத்தது போக மீதியை பஸ் ஸ்டாப்பில் விற்பேன். இந்த ஊரில் பூக்கட்டிக் கேட்க வேண்டும் என்றாலும் என்னிடம்தான் வர வேண்டும். உங்கள் வேதத்தில் இந்த வழக்கம் இருக்காது. போகலாமா வேண்டாமா, கொடுக்கலாமா வேண்டாமா என்று மனசு இரண்டுபட்டால் அம்மனிடம் கேட்போம். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. வெளியே தெரியாமல் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் போடுவோம். ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. பிரித்தால் அம்மனைச் சந்தேகப்பட்டதாகிவிடும். கோவில் கிணற்றில் போட்டுவிடுவோம்.

முப்பது வருடமாக அந்தப் பொட்டலங்களை நான்தான் கட்டுகிறேன். நாரால் மூன்று சுற்று, ஒரு முடிச்சு. எத்தனை கல்யாணம், எத்தனை கிணறு என் கையால் முடிவாகியிருக்கிறது. என் கையால் இல்லை, அம்மன் வாக்கால்.

நேற்றும் மூன்று இட்லிதான்.

ஜூலை 1, செவ்வாய்
166

மாரி பாட்டு எழுதுவாள். எங்கள் கரிசல்காட்டுப் பேச்சில், களையெடுக்கிறவர்கள் பாடுகிற தினுசில் எழுதுவாள். அச்சுத் தவறிய லேபிள்களைக் கம்பெனியில் கழித்துப் போடுவார்கள். அதன் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அதில்தான் எழுதுவது. வீட்டில் எந்த டப்பாவைத் திறந்தாலும் ஒரு பக்கம் கடலைமிட்டாய்ப் படம், மறுபக்கம் பாட்டு.

*கரிசக் காட்டு வெடிப்புக்குள்ள காலு போகும் கையும் போகும்
நீ சொன்ன ஒத்த வார்த்தை போட்டு வச்சா எங்க போகும்?*

இதை அவள் எழுதி இரண்டு வருடம் ஆகிறது. மதுரையில் ஒரு கலைக்குழுவுக்கு அனுப்பினாள். அவர்கள் ஊர் ஊராகப் பாடினார்கள், இவள் பெயரைச் சொல்லாமல். பெயர் சொல்லாவிட்டால் என்ன, பாட்டு போகிறதல்லவா என்று எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் இருந்தாள். குழாய்த் தண்ணீர் வீணாகிறதே என்று அன்று அவளைத் திட்டினேன்.

கோவில் பங்குனிப் பொங்கல் திருவிழாவில் அவள் மைக்கில் பாடியதை யாரோ போனில் பிடித்துப் போட, அது எங்கெங்கோ சுற்றி, நேற்று சென்னையிலிருந்து போன். சினிமாவுக்கு இசையமைக்கிற ஒருவருடைய ஆபீசாம். வின்சென்ட் என்று ஒரு மேனேஜர் பேசினார். ஒரு மெட்டு அனுப்பியிருக்கிறார்கள். அதில் வார்த்தை இல்லை. தன்னன்னே தானனன்னே என்று ஓர் ஆண் குரல் முனகுகிறது. அந்த முனகலுக்குள் இவள் வார்த்தையை உட்காரவைக்க வேண்டுமாம். சனிக்கிழமை வரை கெடு.

ஜூலை 3, வியாழன்
160

வீடு முழுக்கத் தன்னன்னே. அம்மியில் தன்னன்னே, குடத்தில் தன்னன்னே. நாலாவது வரி உட்கார மாட்டேன் என்கிறதாம். என்னோடு உட்கார்ந்து பூக்கட்டியவள் கவனமில்லாமல் நாரை இழுத்து, பிச்சிப்பூக் காம்பெல்லாம் அறுத்துவைத்தாள். கோபத்தில் சொன்னேன்.

"ஏளா, இளக்கிக் கட்டுனா உதுந்து போகும், இறுக்கிக் கட்டுனா அறுந்து போகும். பூவு கட்ட வந்தியா, கழுத்தப் புடிக்க வந்தியா?"

பூவை அப்படியே போட்டுவிட்டு லேபிள் தேடி ஓடினாள். பாதிச் சரம் தரையில் கிடந்தது. நான்தான் முடித்தேன்.

ஜூலை 6, ஞாயிறு
157

பாட்டு பிடித்துவிட்டதாம். இளக்கிக் கட்டுனா என்கிற அந்த வரிதான் பிடித்ததாம். திட்டியதைக்கூட பாட்டாக்கிவிட்டாயே என்று எனக்குப் பெருமைதான், பொய் சொல்ல மாட்டேன். அம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

வின்சென்ட் என்னிடமும் பேசினார். பிள்ளை வேலையில் இருக்கும்போது கம்பெனி வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் என் நம்பரையும் கொடுத்திருக்கிறாள். இருபத்தோராம் தேதி மாரி சென்னையில் இருக்க வேண்டும். ஆபீசுக்குப் பக்கத்தில் பெண்கள் விடுதி. மூன்று மாதம், ஒரு படத்துக்கு நாலு பாட்டு. மூன்று மாதம் கழித்துத் திரும்பிவிடுவாளா என்று கேட்டேன்.

"அப்புறம் இங்கயே இருந்துடுவாங்கம்மா. எல்லாரும் அப்படித்தான்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்
178

சிஸ்டர் நோட்டைப் பார்த்துச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள்: "உணவும் அளவும் மட்டும் எழுதினால் போதும். சோற்றைக் குறைக்கவும். கடலைமிட்டாய் கூடாது."

சரி.

ஜூலை 9, புதன்
193

இட்லி இரண்டு. சோறு சின்னத் தட்டு.

சிஸ்டர் திட்டினாலும் பரவாயில்லை. இருபத்தொன்று என்றால் ஆடி ஐந்து. ஆடியில் யாராவது ஒரு காரியம் தொடங்குவார்களா? மாரியிடம் சொன்னேன். ஆபீஸ்காரர்களுக்கு ஆடி தெரியாது என்கிறாள். அந்த ஊரில் தண்ணீர் சரியில்லை என்றேன். கொதிக்க வைத்துக் குடிப்பாளாம். பாட்டுக்காரர்கள் சகவாசம் எப்படியோ என்றேன். நானும் பாட்டுக்காரிதானே அத்தை என்றாள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறாள். ஒன்றுக்கு மட்டும் பதில் இல்லை. அதை நான் கேட்கவில்லை.

அம்மனிடம் கேட்போம் என்றேன். சரி, வெள்ளிக்கிழமை கேட்போம், அம்மன் சொன்னபடி என்றாள்.

ஜூலை 11, வெள்ளி
188

காலையில் எழுதுகிறேன். மார்க்கெட்டில் வெள்ளை அரளி வரத்து இல்லை. அரைக் கூடைதான் கிடைத்தது. அத்தனையும் அம்மன் மாலைக்கே போய்விட்டது, ஒரு மொட்டுகூட மிச்சமில்லை. சிவப்பு நிறையக் கிடக்கிறது. தலைக்குக் குளித்துவிட்டேன். விரதம். காப்பி மட்டும், சர்க்கரை இல்லாமல்.

சாயங்காலம்.

மத்தியானப் பூசை முடிந்து கேட்டோம். எப்போதும் போலத்தான் கட்டினேன். வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று, மூன்று சுற்று, ஒரு முடிச்சு. மாரி கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். பிரித்தாள். சிவப்பு. அம்மா வேண்டாம் என்கிறாள் தாயி என்றார் பூசாரி. மாரி அழவில்லை. சரி என்றாள். மற்றப் பொட்டலத்தை நான் எடுக்கப் போனேன். அதற்குள் அவள் எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விட்டாள். திரும்பிவர வழக்கத்தைவிட நேரமானது.

அம்மன் சொன்ன பிறகு மறுபேச்சு இல்லை. நான் ஏன் மறுபடி மறுபடி இதையே எழுதுகிறேன்.

ராத்திரிக்கு இரண்டு தோசை. பசிக்கவில்லை, சாப்பிட்டேன்.

ஜூலை 12, சனி
241

மிஷின் சரியில்லை.

ஜூலை 13, ஞாயிறு
249

மாரி சென்னைக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். காரணம் எதுவும் சொல்லவில்லை. வீட்டில் தன்னன்னே சத்தம் இல்லை. அம்மி அம்மியாகவும் குடம் குடமாகவும் இருக்கிறது. இதுவும் நல்லதுதான், காதுக்கு நிம்மதி.

ஜூலை 18, வெள்ளி
252

ஆடி முதல் வெள்ளி. இந்த மாசம் முழுவதும் செருப்புப் போடுவதில்லை என்று அம்மனுக்கு நேர்ந்திருக்கிறேன். எதற்கு என்று மாரி கேட்டாள். உனக்காகத்தான் என்றேன். எனக்கு எதுக்கு அத்தை என்றாள். அவள் பேச்சில் இப்போது ஏதோ மாற்றம். சண்டை இல்லை, கோபம் இல்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறாள். லேபிளில் எதையோ எழுதுகிறாள், நான் வந்தால் மடித்துக்கொள்கிறாள்.

ஜூலை 20, ஞாயிறு
255

கோவிலுக்குப் போகும் வழியில் வலது கால் பெருவிரலில் கருவேல முள். எடுத்துவிட்டேன். மஞ்சள் வைத்தேன்.

ஜூலை 22, செவ்வாய்
258

சிஸ்டரிடம் போனேன். காலைக் காட்டவில்லை. முள்தானே.

இன்றும் சிவப்பு மை. இதைத்தான் எழுதியிருக்கிறார்கள்:

"11-ஆம் தேதி காலையில் வெள்ளை அரளி ஒரு மொட்டுகூட மிச்சமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மத்தியானப் பொட்டலத்துக்கு வெள்ளைப் பூ எங்கிருந்து வந்தது? 12-ஆம் தேதியிலிருந்து சர்க்கரை இறங்கவே இல்லை."

வீட்டுக்கு வந்து எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது.

பக்கத்து வீட்டுச் செடியில் பறித்தேன்.

பக்கத்து வீட்டில் செடி இல்லை. போன வருடமே வெட்டிவிட்டார்கள். இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். சிஸ்டர் எல்லாப் பக்கத்துக்கும் நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 24, வியாழன்
263

கீழத்தெரு சொர்ணத்தாய் வந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள். செய்யலாமா வேண்டாமா என்று பூக்கட்டிக் கேட்க வேண்டுமாம். கை வலிக்கிறது, பூசாரியைக் கட்டச் சொல் என்றேன்.

"ஒங்கையால கட்டுனாத்தான்க்கா அம்மன் பேசுவா" என்றாள். "நீ தப்பாக் கட்ட மாட்ட."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சொர்ணத்தாய் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள்.

ஜூலை 26, சனி
260

விரல் கறுத்திருக்கிறது. வலி இல்லை. வலி இல்லாதது நல்லதுதானே. ஆனால் அம்மன் சந்நிதியில் நான் ஏற்றிய விளக்கு இன்றைக்கும் அணைந்துவிட்டது. மூன்று நாளாக அப்படித்தான். பூசாரி காற்று என்கிறார். எனக்குத் தெரியும் என்ன காற்று என்று.

ஜூலை 29, செவ்வாய்
271

மத்தியானம் ஒரு போன் வந்தது. ராங் நம்பர்.

ஜூலை 30, புதன்
274

அது ராங் நம்பர் இல்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி
288

பஸ் ஸ்டாப்பில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தேன். சிஸ்டர் எதிர்ப்பக்கம் பஸ்சிலிருந்து இறங்கினார்கள். என் காலைப் பார்த்துவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து, என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். ஊரே பார்த்தது. எனக்குக் கூச்சத்தில் உயிர் போய்விட்டது. பெருவிரலை அழுத்தி வலிக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

"வலிச்சா நல்லதுன்னு நெனச்சுக்கோங்க குருவம்மா. வலிக்கலன்னாத்தான் நான் பயப்படுவேன்."

அம்மன் கொடுத்த தண்டனை சிஸ்டர், மருந்து கேட்காது என்றேன். சிஸ்டர் பையிலிருந்த மருந்தை எடுத்துப் புண்ணைக் கழுவிக்கொண்டே நிமிர்ந்து பார்க்காமல் பேசினார்கள்.

"ஒங்க அம்மனப் பத்தி எனக்குத் தெரியாது. இது சர்க்கரை, செருப்பில்லாத காலு, ராத்திரி தூங்காதது. ஒரு வாரத்துல கேக்கலன்னா விரல எடுத்துருவாங்க. நான் கேட்ட கேள்விக்குப் பதிலு எங்கிட்டச் சொல்ல வேண்டாம். யாருகிட்டச் சொல்லணுமோ அவகிட்டச் சொல்லுங்க. சொல்லிட்டுத் தூங்குங்க."

கால் கட்டோடு வீட்டுக்கு வந்தேன். சிஸ்டருடைய செருப்பைப் போட்டுக்கொண்டுதான் வந்தேன், விடவில்லை. அவர்கள் வெறுங்காலோடு சுகாதார நிலையத்துக்கு நடந்து போனார்கள்.

ஆகஸ்ட் 2, சனி
281

சொல்லிவிட்டேன்.

மாரி சாயங்காலம் வேலை முடிந்து வந்து வாசலில் உட்கார்ந்து உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என் வாய் தானாகப் பேசிவிட்டது.

"மாரி, அன்னைக்கு ரெண்டும் செவப்பு."

அவள் கை நிற்கவில்லை. ஒரு கல்லை எடுத்துத் தூரப் போட்டாள்.

"தெரியும் அத்தை."

எழுந்து உள்ளே போய், பவுடர் டப்பாவை எடுத்து வந்தாள். உள்ளே அந்தப் பொட்டலம், பிரித்தபடியே. வாழையிலை காய்ந்து சருகாகியிருந்தது. அரளி சுருங்கியிருந்தது. சுருங்கினாலும் சிவப்பு சிவப்புதான்.

"கெணத்துல போடத்தான் போனேன். கையில எடுக்கும்போதே என்னமோ மாதிரி இருந்துச்சு. நீ மூணு சுத்துதான் சுத்துவ. நாலு வயசுலருந்து பாக்கேன். இதுல ஏழு சுத்து இருந்துச்சு. உள்ள இருக்கது வெளிய வந்துரக் கூடாதுன்னு கட்டுன மாதிரி."

ஏழு சுற்றுச் சுற்றியது எனக்கே தெரியாது, சிஸ்டர். உண்மையாகவே தெரியாது.

தெரிந்துமா போகாமல் இருந்தாய் என்று கேட்டேன். இந்த வார்த்தைகளை அவள் சொன்னபடியே எழுதிவைக்கிறேன்.

"அம்மன் வேண்டாம்னு சொல்லிருந்தா அம்மங்கிட்டச் சண்ட போட்டுட்டுப் போயிருப்பேன். நீ வாயத் தொறந்து போகாதன்னு சொல்லிருந்தாலும் ஒங்கிட்டச் சண்ட போட்டுட்டுப் போயிருப்பேன். நீ சாமியவே ஏமாத்திருக்க. அதத் தாண்டிப் போக எனக்குக் காலு வரல."

நான் அழுதேன். அவள் என் கால் கட்டைச் சரிசெய்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சிஸ்டர் தூங்கச் சொல்லியிருக்கிறார்களே, பாதியைச் சொல்லி எப்படித் தூங்குவது? மீதியையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை வந்த போன் வின்சென்ட் சாருடையது. பிள்ளை என் நம்பரை எடுக்க மாட்டேன் என்கிறது, நீங்களாவது சொல்லுங்கள், திங்கட்கிழமை நாலாம் தேதி வரை பார்ப்பேன், அதற்கு மேல் வேறு ஆளை வைத்துவிடுவோம் என்றார். சரி என்று சொல்லி வைத்தேன். சொல்லவில்லை.

மாரியின் முகம் மாறியது அப்போதுதான்.

"பூவு கட்டுனது பயத்துல. இது?"

உளுந்து முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு
266

ஆடிப் பதினெட்டு. ஊரெல்லாம் பொங்கல் வாசம். மாரி என்னோடு பேசவில்லை. சோறு போட்டுக் கொடுத்தாள், கால் கட்டை மாற்றினாள், மருந்தை எடுத்துக் கையில் வைத்தாள். காலையிலிருந்து அந்த நம்பருக்கு அடிக்கிறாள். மணி போகிறது, யாரும் எடுக்கவில்லை. பதினோரு தடவை. நான் எண்ணினேன். வேறு என்ன செய்வது.

அம்மனிடம் போகவில்லை. எந்த முகத்தோடு போவது.

ஆகஸ்ட் 4, திங்கள்
259

மாரி கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டாள். போனை அரிசிப் பானை மேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தே காலுக்கு வின்சென்ட் எடுத்தார். மாரி ஸ்பீக்கரில் போட்டாள். நான் கேட்க வேண்டும் என்றுதான் போட்டாள், எனக்குத் தெரியும்.

அவருக்குக் கோபம். நாலு மெட்டில் மூன்றை வேறு ஒருவரிடம் கொடுத்தாயிற்றாம். நாலாவதையும் இன்று கொடுக்கப் போகிறார்களாம். வரவில்லை என்று சொன்னது நீங்கள்தானே என்றார். மாரி காரணம் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்போது வேறு ஏதாவது சொந்தமாக வைத்திருக்கிறீர்களா, மெட்டோடு, இப்போதே பாடுங்கள் என்றார்.

மாரி லேபிளை எடுக்கவில்லை. மனப்பாடமாக இருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பாடினாள்.

*வெள்ள ஒண்ணு செவப்பு ஒண்ணு
வச்சுக் கட்டச் சொன்ன கையி
ரெண்டுஞ் செவப்பாக் கட்டிருச்சே
ஆத்தா நீயும் கண்டுக்காத*

*ஒத்தப் புள்ள போயிருமோன்னு
ஏழு சுத்துச் சுத்திருச்சே
பிரியத்துக்குக் கண்ணு இல்ல
ஆத்தா நீயும் கண்டுக்காத*

நான் சேலையை வாயில் அடைத்துக்கொண்டேன். ஒரு மாதமாக மடித்து மடித்து ஒளித்துவைத்தது இதைத்தான். என்மேல் இருக்கிற கோபத்தை எழுதுகிறாள் என்று நினைத்திருந்தேன். எனக்காக அம்மனிடம் மன்றாடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வின்சென்ட் இன்னொரு தடவை பாடச் சொன்னார். பாடினாள். இதை வேறு யாரிடமும் பாட வேண்டாம், நாளைக்கே கிளம்பி வாருங்கள் என்றார்.

"பேரு போடுவீங்களா சார்?"

"போடுவோம்மா."

"அத்தைக்குக் காலுல புண்ணு சார். அது ஆறட்டும். பதினேழாந்தேதி கெளம்புதேன்."

நான் கையை ஆட்டினேன், நாளைக்கே போ, நாளைக்கே போ என்று. அவள் என் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பக்கம் யாரிடமோ பேசுகிற சத்தம். வெகுநேரம். கடைசியில், பதினெட்டாம் தேதி சாயங்காலம் ஸ்டூடியோவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தனக்குப் போன் பண்ண வேண்டாம் என்றார்.

வைத்த பிறகு மாரி என்னிடம் பேசினாள். இரண்டு நாளில் முதல் பேச்சு.

"சோத்துக்கு உலை வையி அத்தை. சின்னத் தட்டுதான் ஒனக்கு."

ஆகஸ்ட் 5, செவ்வாய்
218

சிஸ்டர் எல்லாவற்றையும் படித்தார்கள். நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன், தலையைத் தூக்கவில்லை. சிவப்பு மையில் எழுதியது: "குறைகிறது. தினமும் கட்டு மாற்ற வரவும். என் செருப்பைத் திருப்பித் தர வேண்டாம். சொர்ணத்தாயிடம் ஆபரேஷனுக்குப் போகச் சொல்லவும்."

வரும் வழியில் சொர்ணத்தாய் வீட்டுக்குப் போனேன். இனிமேல் ஊருக்குப் பூசாரிதான் பொட்டலம் கட்டுவார், என் கை சரியில்லை என்றேன். உன் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போ, அம்மன் என் கனவில் வந்து சொன்னாள் என்றேன்.

கனவு வரவில்லை. இந்த ஒன்றை அம்மன் மன்னிப்பாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்
176

கால் வலிக்கிறது. சுருக் சுருக்கென்று வலிக்கிறது. சிஸ்டர் சிரித்தார்கள்.

அம்மனிடமும் போனேன். ஒன்றும் கேட்கவில்லை. மாரி பாடினதைக் கேட்டிருப்பாய் என்று மட்டும் சொன்னேன். விளக்கு நின்று எரிந்தது. காற்று வராமல் பூசாரி சந்நிதிக் கதவில் ஒரு பக்கத்தைச் சாத்தி வைத்திருந்தார். எனக்கு அதுவும் போதும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு
158

ஆவணி பிறந்தது. காலை பஸ்சில் மதுரை, அங்கிருந்து பகல் ரயில். மாரி ஒரு பையும் லேபிள் கட்டும்தான் எடுத்துக்கொண்டாள். பவுடர் டப்பாவையும் எடுத்தாள். அதை எதற்கு என்றேன். நீ மறுபடி எவளுக்காவது கட்டிவிட்டால் என்றாள். பஸ் ஸ்டாப்பில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சிரித்தோம். ஏன் சிரிக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது.

அவள் தலைக்குப் பிச்சிப்பூ கட்டியிருந்தேன். வைத்துவிடும்போது தொட்டுப் பார்த்தாள்.

"என்னத்தை இம்புட்டு இளக்கிக் கட்டிருக்க? சாத்தூரு தாண்டுறதுக்குள்ள உதுந்துரும்."

"உதுரட்டும்."

பஸ் திரும்புகிற வரை நின்றேன். அதற்கு மேல் எழுதினால் சிஸ்டர் திட்டுவார்கள்.

ஆகஸ்ட் 18, திங்கள்
129

நேற்று மத்தியானம் சாப்பிட்டது: ஒன்றுமில்லை. ராத்திரி: ஒன்றுமில்லை. உலை வைத்தேன், இரண்டு ஆளுக்கு வைத்துவிட்டேன், அப்படியே இறக்கிவிட்டேன். சிஸ்டர், இதை நல்ல அளவு என்று எழுதிவிடாதீர்கள்.